டாஸ்க் மனேஜரில் மூடியது ஏன் திரும்பி வருகிறது?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் மடிகணினியின் விசிறி இரைந்தால், வெக்கைதான் காரணம் என்று விட்டுவிடுகிறோம். வெக்கைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் யாரும் தொடாமல் மேசையில் கிடக்கும் கணினி ஏன் சூடாக வேண்டும்? உள்ளே ஏதோ வேலை நடக்கிறது. புதுக் கணினிக்குக் காசு சேர்க்கும் முன், அந்த வேலையை யார் தொடக்கி வைத்தது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்க் போன்ற சேமிப்பு வட்டில் கிடக்கும் மென்பொருள் வெறும் கோப்புதான். இடத்தை அடைக்கும், அவ்வளவே. ரேம் எனும் தற்காலிக நினைவகத்துக்குள் ஏறி ஓடத் தொடங்கியதும் அது 'புரொசஸ்' ஆகிறது. அப்புறம் அதற்கு நினைவகமும் வேண்டும், புரொசசரின் நேரமும் வேண்டும். சும்மா காத்திருக்கும் புரொசஸ்கள் புரொசசரை அதிகம் எடுப்பதில்லை. பெரிய அடி, ரேம் நிறையும்போதுதான் விழுகிறது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் இடம் போதாமல் போனால், விண்டோஸ் ரேமில் இருப்பதில் ஒரு பகுதியை வட்டுக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ரேமில் ஒரு தரவை எட்ட ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு 10 மில்லி விநாடி வரை ஆகும். லட்சம் மடங்கு! குரோமில் ஒரு டேபை மாற்றியதும் திரை உறைந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, வேண்டாததை எப்படி நீக்குவது? உவர்மலையில் ஏ.எல். படிக்கும் பிள்ளை ஒருவரின் மடிகணினியில் பார்த்ததைச் சொல்கிறேன். பாஸ்ட் பேப்பர் தேடிப் போன இடத்தில் இலவச பிடிஎஃப் மாற்றி ஒன்றை இறக்கியிருக்கிறார். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தியதில் அதோடு, புதுப்பிக்கும் வேலைக்கென்று பின்னணியில் ஓடும் ஓர் அப்டேட்டரும் ஒட்டிக்கொண்டது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஓடும் புரொசஸ்களைக் காட்டும் டாஸ்க் மனேஜரில் அதற்கு 'என்ட் டாஸ்க்' கொடுத்தால் மறைகிறது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து நிற்கிறது. பிடிஎஃப் மாற்றியையே அன்இன்ஸ்டால் செய்த பிறகும் வந்தது.

காரணம் எளிது. 'என்ட் டாஸ்க்' அந்த நேரத்தில் ஓடுவதை மட்டுமே நிறுத்தும். அன்இன்ஸ்டாலும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. பெரும்பாலான பழைய வகை மென்பொருள்களில், விண்டோஸ் அந்த மென்பொருளோடு வந்த நீக்கியைத்தான் கூப்பிடுகிறது. எதை அழிப்பது, எதை விட்டுவைப்பது என்பது அதை எழுதியவரின் கையில். நேர்மையில்லாதவர் ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டுவைப்பார்.

ஆகவே தேட வேண்டியது, அதை எழுப்பிவிடும் இடத்தை. ஸ்டார்ட்அப் கோப்புறை, ரெஜிஸ்ட்ரி எனும் விண்டோஸ் அமைப்புகளின் பதிவேட்டில் உள்ள 'ரன்' பதிவுகள், பின்னணியில் ஓடும் சேர்விஸ்கள், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடக்கும் டாஸ்க் ஷெடியூலர் ஆகிய நான்கும் முக்கியமானவை. முதல் இரண்டில் இருப்பவை டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தெரியும். அங்கேயே 'டிசேபிள்' கொடுக்கலாம். பிடிவாதக்காரர்கள் ஒளிவது மற்ற இரண்டில். அந்த அப்டேட்டர் டாஸ்க் ஷெடியூலரில் இருந்தது: லொகின் ஆனதும் ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை. புரொசஸின் மேல் ரைட் கிளிக் செய்து அதன் கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தால், மென்பொருள்கள் தம் தரவை வைக்கும் ஆப்டேட்டாவுக்குள் ஒரு கோப்புறை. முதலில் ஷெடியூலரில் உள்ள பதிவு, பிறகு ஓடும் புரொசஸ், கடைசியில் கோப்புறை என்ற வரிசையில் நீக்கியதும் அடங்கியது.

எல்லா இடங்களையும் ஒரே திரையில் பார்க்க 'ஓட்டோரன்ஸ்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் உருவாக்கியது, 2006இல் மைக்ரோசொப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதில் எதையும் உடனே அழிக்க வேண்டாம். டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள், தவறினால் திரும்பப் போடலாம்.

கைவைக்கக் கூடாதவையும் உண்டு. டாஸ்க் மனேஜரில் 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற பெயர் டசின் கணக்கில் தெரிந்தால் பதற வேண்டாம். விண்டோஸின் சேர்விஸ்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, ரேம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியாக ஓடும். அதே பெயரில் ஒன்று ஆப்டேட்டாவிலிருந்து ஓடினால்தான் சந்தேகப்பட வேண்டும். பாமினி முறையில் யூனிகோட் தட்டச்ச உதவும் சிறு மென்பொருளும் பின்னணியில் இருந்தால்தான் வேலை செய்யும்.

கணினியைச் சுத்தமாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ரெஜிஸ்ட்ரியின் மிச்சசொச்சங்களைத் துடைப்பதால் வேகம் அதிகரிக்காது. 2017இல் அப்படிப்பட்ட மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே தாக்குதல்காரர்கள் தீநிரலை நுழைத்துவிட்டார்கள். அது 20 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

நீக்கி முடித்ததும் 'ஷட்டவுன்' கொடுத்துத் திரும்பப் போடாமல், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட்டவுனின்போது விண்டோஸின் மையப் பகுதியான கேர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப ஏற்றப்படும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். அதன் பிறகு ஒரு மணி நேரம் கழித்து டாஸ்க் மனேஜரைத் திறந்து, நீக்கியது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.