இர்மா: மெடிகேர் கட்டணத்தில் ஏறும் தொகைக்குத் தமிழில் என்ன பெயர்?

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். அதில் இருப்பவர்களில் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியவர்களுக்கு, ஆண்டின் கடைசி மாதங்களில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வரும். வரும் ஜனவரி முதல் உங்கள் மாதக் கட்டணத்தோடு 'இர்மா' சேரும் என்பது அதன் சாரம்.

இர்மா என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கப் பெயர். அதை அப்படியே பெயர்த்தால் 'வருமானம் சார்ந்த மாதாந்தரச் சரிக்கட்டுத் தொகை' என்று வரும். பிழையில்லாத பெயர்ப்புதான், ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதனால் பேச்சில் இதை 'அபராதம்' என்பாரும் உண்டு, 'மேல்வரி' என்பாரும் உண்டு. இரண்டும் தவறு. தவறான பெயர் தவறான கணக்குக்கு இட்டுச்செல்லும் என்பதால்தான் இந்த விளக்கம்.

முதலில் 'பிரீமியம்'. இலத்தீனில் 'ப்ரே' என்றால் முன். 'எமெரே' என்றால் எடுத்தல், வாங்குதல். பிறருக்கு முன்பாக எடுத்துக்கொள்ளும் பங்கு, போரில் கிடைத்த கொள்ளைப்பொருள், பரிசு என்றெல்லாம் பொருள் தந்த சொல், பின்னாளில் காப்பீட்டுக்குச் செலுத்தும் பணத்தைக் குறிக்கலாயிற்று. தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் இதை 'முனைமம்' என்கின்றன. இலங்கையில் 'கட்டுப்பணம்' என்பார்கள். 'தவணை' என்று எழுதுவது பொருந்தாது. தவணை என்றால் ஒரு கடனையோ விலையையோ பிரித்துக் கட்டுவது. கட்டி முடித்தால் தீர்ந்துவிடும். மெடிகேர் கட்டணம் காப்பீடு உள்ளவரை தீராது. இந்த இடத்துக்கு 'மாதக் கட்டணம்' போதும்.

அடுத்து, இந்தத் தொகையை உண்டாக்கிய சட்டப்பிரிவு என்ன பெயர் வைத்திருக்கிறது? சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1839ஆம் பிரிவில் இதற்கான உட்பிரிவின் தலைப்பு, 'வருமானத்தின் அடிப்படையில் கட்டண மானியத்தைக் குறைத்தல்'. விளக்கம் முழுவதும் இந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டுப் பிறந்த மெடிகேரில், மருத்துவர் செலவுக்கான பார்ட் பி கட்டணம் 1966இல் மாதம் 3 டாலராக இருந்தது. அப்போது உறுப்பினர் பாதி, அரசு பாதி. பிறகு உறுப்பினர் பங்கு 25 விழுக்காடு என்று நிலைத்தது. மீதி 75 விழுக்காடும் அரசுக் கருவூலம் தரும் மானியம்தான். 2003இல் வந்த மெடிகேர் சீர்திருத்தச் சட்டம், வசதி உள்ளவர்களுக்கு அந்த மானியத்தைக் குறைக்கச் சொன்னது. 2007இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துக் காப்பீடான பார்ட் டி-க்கு 2011இல் நீண்டது.

மானியம் என்றால் நம்மவர்களுக்குக் கோயிலுக்கும் ஊழியக்காரர்களுக்கும் வரி நீக்கி விட்ட நிலம் நினைவுக்கு வரும். இப்போது உர மானியம், எரிவாயு மானியம். பொருள் ஒன்றே: நீங்கள் கொடுக்க வேண்டியதில் ஒரு பங்கை அரசு விட்டுக்கொடுப்பது. ஆகவே இர்மாவுக்குச் சரியான தமிழ் 'கட்டண மானியக் குறைப்பு'. இந்தப் பெயரோடு 2026 எண்களைப் பாருங்கள். அடிப்படைக் கட்டணம் மாதம் 202.90 டாலர், இது செலவில் 25 விழுக்காடு. தனியராக வரி தாக்கல் செய்பவரின் வருமானம் 1,09,000 டாலரைத் தாண்டினால் அவர் பங்கு 35 விழுக்காடாகி 284.10 டாலர். 1,37,000ஐத் தாண்டினால் 50 விழுக்காடு, 405.80. 1,71,000ஐத் தாண்டினால் 65 விழுக்காடு, 527.50. 2,05,000ஐத் தாண்டினால் 80 விழுக்காடு, 649.20. 5,00,000 டாலரும் அதற்கு மேலும் என்றால் 85 விழுக்காடு, 689.90. ஆக, உச்சியில் இருப்பவருக்குக்கூட 15 விழுக்காடு மானியம் மிஞ்சுகிறது. 'அபராதம்' என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் முதல் நான்கு வரம்புகளும் இருமடங்கு (முதல் வரம்பு 2,18,000). கடைசி வரம்பு மட்டும் 7,50,000.

அபராதம் என்று சொல்லக்கூடாததற்கு இன்னொரு காரணம், மெடிகேரில் உண்மையாகவே ஓர் அபராதம் இருப்பது. பார்ட் பி-யில் சேர வேண்டிய காலத்தில் சேராமல், வேலைவழிக் காப்பீடும் இல்லாமல் விட்டால், தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் அடிப்படைக் கட்டணத்தில் 10 விழுக்காடு கூடும். பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும். மானியக் குறைப்போ ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடப்படுவது; வருமானம் இறங்கினால் தானே மறைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒன்றை நீக்க எழுத வேண்டிய மனுவை மற்றதற்கு எழுதி மாதங்களை இழக்க நேரும்.

'மேல்வரி' என்பது இதைவிடக் கெடுதலான பெயர். வருமான வரியில் படி மாறினால், அந்தப் படிக்கு மேலுள்ள பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே அப்படி இல்லை. வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும் அந்தப் படியின் முழுத்தொகையும் விழும். சரிவு அல்ல, செங்குத்துப் பாறை. 2026 கட்டணத்துக்குப் பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்திய 2024 வருமானம். தனியர் ஒருவருக்கு 2024இல் மற்ற வருமானம் 1,00,000 டாலர் என்று கொள்வோம். அவர் வழக்கமான ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து ராத் கணக்குக்கு (இப்போதே வரி கட்டிவிட்டுப் பின்னாளில் வரியின்றி எடுக்கும் கணக்கு; மாற்றும் தொகை அந்த ஆண்டு வருமானத்தில் சேரும்) 9,000 டாலர் மாற்றியிருந்தால் 2026இல் கூடுதல் எதுவும் இல்லை. 10,000 மாற்றியிருந்தால், பார்ட் பி-க்கு மாதம் 81.20, பார்ட் டி-க்கு 14.50, ஆண்டுக்கு 1,148.40 டாலர். கடைசியாக மாற்றிய ஆயிரத்துக்கு, அந்த ஆயிரத்தைவிட அதிக விலை. கணவன் மனைவி இருவரும் மெடிகேரில் இருந்தால் தொகை தலைக்குத் தனித்தனியாக விழும்: 2,296.80.

மாற்றும்போது 2026இன் வரம்பு எவருக்கும் தெரியாது. அது 2025 நவம்பரில்தான் வெளியானது. முதல் வரம்பு 2024இல் 1,03,000, 2025இல் 1,06,000, 2026இல் 1,09,000 என்று ஏறிவந்திருக்கிறது. ஆகவே நடப்பு ஆண்டின் வரம்பையே எல்லையாக வைத்து, அதற்கும் சில ஆயிரம் கீழே நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. டிசம்பர் கடைசியில் பரஸ்பர நிதிகள் தரும் ஆதாயப் பங்கீடு எதிர்பாராமல் வந்து சேரும். பலர் வரம்பு தாண்டுவது அதனால்தான்.

இனி 'வருமானம்'. பெறுமானம், கட்டுமானம் போல வினையடியில் 'மானம்' சேர்ந்த சொல் இது. வருவாய் என்றும் சொல்லலாம். சிக்கல் சொல்லில் இல்லை, எந்த வருமானம் என்பதில்தான். வரி கட்டிய வருமானம் என்று நினைத்தால் தவறிவிடுவீர்கள். 2026 கட்டணத்துக்கு எடுத்துக்கொள்வது 2024ஆம் ஆண்டுக்கான வருமான வரித் தாக்கலின் 1040 படிவம். அதில் 11ஆம் வரியில் (அதாவது வரிசையில்) உள்ள 'சரிக்கட்டிய மொத்த வருமானம்', கூடவே 2ஏ வரியில் உள்ள வரிவிலக்கு வட்டி. நகராட்சிப் பத்திர வட்டிக்கு வரி இல்லை, ஆனால் இந்தக் கணக்கில் அது வந்துவிடும். நிலையான கழிவு, 65 வயதுக் கூடுதல் கழிவு, 2025இல் வந்த மூத்தோருக்கான 6,000 டாலர் கழிவு எல்லாம் 11ஆம் வரிக்குப் பிறகு கழிபவை. அவை வரியைக் குறைக்கும். மானியக் குறைப்பைத் தொடாது.

'சரிக்கட்டு' என்ற சொல் இதில் இரண்டு இடத்தில் வருவது கவனிக்க வேண்டியது. இதன் ஆங்கில மூலச்சொல்லான 'அட்ஜஸ்ட்', 'அருகே கொண்டுவருதல்' என்ற இலத்தீன் பொருளில் பிறந்தது. சரிக்கட்டிய மொத்த வருமானத்தில், சில செலவுகளைக் கழித்துக் குறைப்பதே சரிக்கட்டல். இர்மாவில் சரிக்கட்டல் என்றால் எப்போதும் ஏற்றம். தமிழில் 'சரிக்கட்டிவிடலாம்' என்றால் எப்படியாவது நேர்செய்துவிடலாம் என்று ஒலிக்கிறது. ஆண்டுக் கடைசியில் இந்தப் பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கையையும் தரும். வராது. அதனாலேயே பெயரில் இந்தச் சொல்லை நாங்கள் தவிர்க்கிறோம்.

கணக்கில் சேராதவையும் உண்டு. தகுதி நிறைந்த ராத் கணக்கிலிருந்து எடுக்கும் பணம், குடியிருந்த வீட்டை விற்றதில் தனியருக்கு 2,50,000, தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை விலக்குப் பெறும் ஆதாயம், தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து (ஐஆர்ஏ) 70½ வயதுக்குப் பின் நேரடியாக அறநிறுவனத்துக்கு அனுப்பும் கொடை. முதிய வயதில் அந்தக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகை வரம்பைத் தாண்டவைக்கும் என்றால், இந்த நேரடிக் கொடைதான் கைகொடுக்கும். பணம் முதலில் உங்கள் வங்கிக்கு வந்து, பிறகு நீங்கள் கொடுத்தால் பயனில்லை.

இந்தியாவில் பணம் வைத்திருக்கும் தமிழர்கள் இடறும் இடம் வேறு. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்பு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் அமெரிக்க வரிக் குடியிருப்பாளர் உலக வருமானம் முழுவதையும் காட்ட வேண்டும், ஆகவே அது 11ஆம் வரிக்குள் வந்துவிடும். அதை 2ஏ வரியில் போடுவது பிழை. ஊரில் மனை விற்ற ஆதாயமும் இப்படித்தான், இரண்டு ஆண்டு கழித்துக் கட்டணத்தில் எதிரொலிக்கும். பிள்ளைகளோடு வாழும் பெற்றோருக்கு ஓர் ஆறுதல்: பிள்ளைகளின் வருமானம் கணக்கில் வராது. உறுப்பினரும், சேர்ந்து தாக்கல் செய்தால் துணைவரும் மட்டுமே.

இரண்டு ஆண்டுக்கு முந்திய வருமானம் இன்றைய நிலைக்குப் பொருந்தாதபோது, புதிய வருமானத்தை வைத்துக் கணக்கிடக் கேட்க எஸ்எஸ்ஏ-44 படிவம் இருக்கிறது. திருமணம், மணவிலக்கு, துணைவர் மறைவு, வேலையை நிறுத்துதல், வேலைநேரம் குறைதல், வருமானம் தந்த சொத்தைத் தன் விருப்பமின்றி இழத்தல், ஓய்வூதிய இழப்பு, நிறுவனம் மூடியதால் பெற்ற இழப்பீடு ஆகியவை மட்டுமே காரணங்களாக ஏற்கப்படும். ராத் மாற்றம், பங்கு விற்பனை, நில விற்பனை இவற்றைக் காட்டி அனுப்பிய படிவம் அப்படியே மறுக்கப்படும். முதல் பகுதியில் நிகழ்வும் நாளும். இரண்டாவதில் எந்த ஆண்டு வருமானம் குறைந்தது, அந்த ஆண்டின் இரண்டு தொகைகளும் (சரிக்கட்டிய மொத்த வருமானம், வரிவிலக்கு வட்டி) தாக்கல் நிலையும். அடுத்த ஆண்டு இன்னும் குறையும் என்றால் மூன்றாவதில் அந்த மதிப்பீடு. வேலை நிறுத்தியதற்கு நிறுவனத்தின் கடிதம், மறைவுக்குச் சான்றிதழ் என ஆதாரம் இணைக்க வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் கடிதம் வந்தால் இரண்டு படிவம். ஒன்றிலேயே இருவர் பெயரையும் எழுதினால் ஒருவருக்கு மட்டும் குறைந்து, மற்றவருக்கு அப்படியே நின்றுவிடலாம். திருத்திய வரித்தாக்கலால் வருமானம் குறைந்திருந்தால் அது இந்தப் படிவத்தில் சேராது. திருத்திய தாக்கலின் நகலையும், அது கிடைத்ததாக வரித்துறை தந்த ஒப்புதலையும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முடிவே தவறு என்று கருதினால் 60 நாளுக்குள் எஸ்எஸ்ஏ-561 படிவத்தில் மறுஆய்வு கேட்கலாம்.

துணைவரை இழந்தவர்களுக்கு இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மறைந்த ஆண்டில் சேர்ந்து தாக்கல் செய்யலாம், வரம்பு 2,18,000. அடுத்த ஆண்டிலிருந்து பெரும்பாலோர் தனியர், வரம்பு பாதியாகிவிடும். ஓய்வுக்காலக் கணக்கு முழுவதும் ஒருவர் பெயருக்கு வந்து, எடுக்க வேண்டிய தொகை அவ்வளவாகக் குறையாது. துக்கத்தில் இருப்பவரிடம் பிள்ளைகள் இந்தக் கணக்கை மெதுவாகப் போட்டுக் காட்டுவது நல்லது.

பணம் எங்கே போகிறது என்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. பார்ட் டி-க்கான குறைப்புத் தொகை மருந்துத் திட்ட நிறுவனத்துக்கு அல்ல, அரசுக்கு. சமூகப் பாதுகாப்புத் தொகை வாங்குபவருக்கு அதிலேயே பிடிப்பார்கள். வாங்காதவருக்குத் தனி ரசீது வரும். திட்ட நிறுவனத்துக்குக் கட்டிவிட்டோம் என்று அதை ஒதுக்கினால் மருந்துக் காப்பீடே போய்விடும். தனியார் நிறுவனங்கள் வழங்கும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறினாலும் இது விடாது. மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ-க்கு மட்டும் மானியக் குறைப்பு கிடையாது.

எழுதும்போது முதலில் ஒருமுறை 'கட்டண மானியக் குறைப்பு, அதாவது இர்மா' என்று இரண்டையும் தந்துவிட்டு, பிறகு 'மானியக் குறைப்பு' என்றே எழுதலாம். அலுவலகத்தில் பேச இர்மா வேண்டும். வீட்டில் கணக்குப் போட மானியக் குறைப்பு வேண்டும். 'அம்மாவுக்கு 2026இல் மானியக் குறைப்பு முதற்படி. பார்ட் பி-யில் 81.20, பார்ட் டி-யில் 14.50, காரணம் 2024இல் விற்ற பங்கு' என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த நவம்பரில் கடிதம் வரும்போது எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.