பள்ளிக் கட்டடக் கடனும் கம்பெனி வரிச்சலுகையும்: பில் வருவதற்கு முன்னால் படியுங்கள்

மாசசூசெட்ஸில் ஒரு டவுனில் வீடு வாங்கியிருக்கிறீர்கள், புதுப் பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது என்றால் இது உங்களுக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஏறின வரி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார். பணம் கட்டும் ஜன்னலில், வீட்டுக்கு மதிப்புப் போடும் அசெஸரைப் பாருங்கள் என்றார்கள், அசெஸர் ஆபீசில் இது ஊரே ஓட்டுப் போட்ட விஷயம், நாங்கள் என்ன செய்ய என்றார்கள், தேர்தலைக் கவனிக்கும் டவுன் கிளார்க்கிடம் போனால் தேர்தல் எப்போதோ முடிந்துவிட்டது. மூன்று பேர் சொன்னதும் சரிதான். முதல் ஜன்னலிலேயே யாராவது முழுசாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் லீவு மிஞ்சியிருக்கும்.

1980இல் வந்த சட்டப்படி, புதுக் கட்டடங்களால் வருவதைத் தவிர்த்து, ஊர் மொத்தமாக வசூலிக்கும் வரியின் உச்சவரம்பு ஆண்டுக்கு 2.5 சதவீதம்தான் ஏறலாம். அது ஊர்க் கணக்கு, உங்கள் பில்லுக்கான வரம்பு அல்ல. அதோடு பள்ளிக் கடனை 'டெப்ட் எக்ஸ்க்ளூஷன்' என்று ஓட்டெடுப்பு வைத்து, கடன் தீரும்வரை அந்த வரம்புக்கு வெளியே தூக்கி வைத்துவிடலாம்.

மாநிலம் பாதி கொடுக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். மாநிலப் பள்ளிக் கட்டட ஆணையம் சொல்லும் சதவீதம் அவர்கள் ஏற்றுக்கொள்ளும் செலவுக்கு மட்டும்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு உண்டு, மிச்சமெல்லாம் ஊர் தலையில். எத்தனை சதவீதம் என்று கேட்காமல், நம் பங்கு எத்தனை டாலர், சராசரி வீட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு, எந்த வருஷம் அதிகம் என்று கேளுங்கள்.

கம்பெனிகளுக்கு ஊர் தரும் 'டிஃப்' (TIF) என்ற வரிச்சலுகை 5 முதல் 20 வருஷம் வரை போகும். கம்பெனி இன்று கட்டும் வரியில் கை வைப்பதில்லை, புதிதாகக் கூடும் மதிப்பின் மீதுதான் தள்ளுபடி. ஆகவே ஊருக்கு நஷ்டமே இல்லை என்பார்கள். ஆனால் பள்ளிக் கடனைப் பங்கு போடும்போது அந்தத் தள்ளுபடி மதிப்பு கணக்கில் வராது, வந்திருந்தால் உங்கள் பங்கு கொஞ்சம் குறைந்திருக்கும். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தனித்தனிக் கூட்டத்தில் பேசினால் இரண்டுமே நல்லதாகத்தான் தெரியும்.

ஊரின் வரவு செலவைப் பார்க்கும் ஃபைனான்ஸ் கமிட்டி பரிந்துரைதான் செய்யும். முடிவு டவுன் மீட்டிங் என்ற ஊர்ச் சபையில். கடன் வாங்க அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், எக்ஸ்க்ளூஷனுக்குத் தேர்தலில் பாதிக்கு மேல் போதும். க்ரீன் கார்டோ எச்1பியோ வைத்திருப்பவர்கள் வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. அதனால் உங்கள் குரல் எடுபடக்கூடிய இடம் கமிட்டிக் கூட்டம்தான், அங்கேயும் தலைவர் அனுமதித்தால்தான் பேசலாம். அறிவிப்பு 48 மணி நேரம் முன்னால்தான் வரும் (சனி, ஞாயிறு, விடுமுறை சேராது), ஊர் வலைத்தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சிட்டிசன் ஆகிவிட்டவர்கள் தேர்தலுக்கோ டவுன் மீட்டிங்குக்கோ 10 நாள் முன்னாலேயே வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும்.

சரி, பில் வந்துவிட்டது. வரி ஏறிவிட்டது என்று அபேட்மென்ட் (வரிக் குறைப்பு) கேட்டால் தள்ளிவிடுவார்கள், உங்கள் வீட்டின் மதிப்பைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். காலாண்டு பில் வரும் ஊர்களில் கடைசி நாள் பொதுவாகப் பிப்ரவரி 1. ஜூலையில் வரும் தற்காலிக பில்லை வைத்துக் கேட்க முடியாது. தபாலில் அனுப்பினால் அமெரிக்கத் தபால் முத்திரையில் உள்ள தேதிதான் கணக்கு. கேட்டுவிட்டோமே என்று வரியைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் பதிலே வரவில்லை என்றால் மறுத்துவிட்டதாக அர்த்தம், அங்கிருந்து மேல்முறையீட்டுக்கு இன்னொரு மூன்று மாதம். பதில் வரும் வரும் என்று காத்திருந்து இதைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.

வீட்டில் 65 வயதானவர் இருந்தால் 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற மாநில வரிக் கழிவைப் பாருங்கள், வாடகை வீட்டுக்கும் உண்டு. 2024 வரியாண்டுக்கு அதிகபட்சம் 2,730 டாலர். அவருக்கு வருமான வரியே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டால்தான் பணம் வரும், டவுன் ஆபீசில் கேட்டால் கிடைக்காது. அம்மா அப்பாவை உங்கள் ரிட்டர்னில் டிபெண்டென்ட் என்று காட்டியிருந்தால் அவர்களுக்கு இது கிடையாது, ரிட்டர்ன் போடுகிறவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.