நூறு சதவீதத் தேர்ச்சிக்குப் பின்னால்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை போனால், பள்ளிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கண்ணில் படும். நூறு சதவீதத் தேர்ச்சி, வட்டத்துக்குள் பிள்ளைகள் முகம், பக்கத்தில் மதிப்பெண். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஃப்ளெக்ஸ் நிற்கவில்லை. கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் அதை நம்பித்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்றுநராக முதலில் ஏற்காடு மலையிலும் அப்புறம் சேலம் நகரத்திலும் பள்ளிப் பார்வைக்குப் போயிருக்கிறேன். மலையில் ஒரு தொடக்கப் பள்ளி. அம்மா, அப்பா இருவரும் காபி எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. ‘க’வையும் ‘த’வையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாதி நாள் வரவும் இல்லை. ஆசிரியை வீட்டுக்கே போய்ப் பேசி, தம்பியையும் சேர்த்தே கூட்டிவரச் சொன்னார். பிப்ரவரியில் நான் போனபோது அந்தக் குழந்தை ஒரு பத்தியை விரல் வைத்து, தடுமாறித் தடுமாறி, முழுதாகப் படித்தது. கதைப் பாடம் அப்போதும் வரவில்லை. வகுப்புக்கு உரிய நிலை என்ற கணக்கில் அது ‘எட்டவில்லை’தான்.

அதே மாதம் நகரத்தில் ஒரு பள்ளி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சரளமாகப் படித்தார்கள். விசாரித்தால், அவர்களில் பெரும்பாலோர் ஒன்றாம் வகுப்பிலேயே அப்படித்தான் படித்தார்களாம். மாலையில் டியூஷனும் உண்டு. இந்த இரண்டில் எது நல்ல பள்ளி?

இந்தக் கேள்வி பழையது. 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த அறிக்கை, மாணவர்களின் மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பள்ளியைவிடக் குடும்பப் பின்னணியே பெரிய காரணம் என்றது. அப்படியானால் பள்ளியால் ஒன்றும் ஆகாதா என்று பலர் சோர்ந்தார்கள். லண்டனில் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர் 12 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் உள்ளே வரும்போது எந்த நிலையில் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார். 1979-இல் வெளியான அந்த ஆய்வில், ஒரே மாதிரிப் பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிகளுக்குள்ளேயே தெளிவான வித்தியாசம் இருந்தது. காரணம் கட்டடம் இல்லை. பாடம் நேரத்துக்குத் தொடங்குவது, வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்துவது, பாராட்டுவது, பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைப்பது போன்ற அன்றாட விஷயங்கள். மலைப் பள்ளியில் நான் பார்த்ததும் இதே மாதிரி வேலைதான். தேர்ச்சி சதவீதம் அதைக் காட்டுவதே இல்லை.

சதவீதத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மலையில் பத்துப் பேர் பத்தாம் வகுப்பு எழுதி ஒருவர் தவறினால் 90 சதவீதம். நகரத்தில் 200 பேர் எழுதி ஒருவர் தவறினால் 99.5. தவறியது இரண்டு இடத்திலும் ஒரு பிள்ளைதான். ஆனால் மலைப் பள்ளித் தலைமையாசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த வருஷம் பத்துப் பேரும் தேறினால் ‘பெரிய முன்னேற்றம்’ என்று கைதட்டல். இரண்டுமே நியாயமில்லை. சின்னப் பள்ளி என்றால் மூன்று, நான்கு வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் வேறு. தேர்வுக்கு வராத பிள்ளை சதவீதத்தில் வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் சுமாராகப் படிக்கும் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, ‘வேற ஸ்கூல்ல சேத்துடுங்க’ என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டால் நூறு சதவீதம் பத்திரமாக இருக்கும். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-இல் தொடங்கிய ஏசர் என்ற கற்றல் நிலை ஆய்வில் எனக்குப் பிடித்ததே, அவர்கள் பள்ளியோடு நிற்காமல் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை உட்காரவைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிக்கச் சொல்வதுதான். வீட்டுக்குப் போவதால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளையும் கணக்கில் வருகிறது. ஏசரும் சரி, மத்திய அரசின் தேசிய அடைவுத் தேர்வும் (2024 முதல் ‘பரக்’ ஆய்வு) சரி, மாதிரி எடுத்துச் செய்யப்படுபவை. மாவட்டம், மாநிலம் எப்படி என்று சொல்லவே அவை இருக்கின்றன. ஒரு தனிப் பள்ளிக்கோ ஆசிரியருக்கோ மார்க் போட அவற்றை எடுக்கக் கூடாது.

போன வருஷம் சேலத்தின் குகை என்ற பகுதியில் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினேன். முடிந்ததும் தறி ஓட்டும் ஒரு அம்மா எழுந்தார். ‘சார், போன வருஷம் ஒம்பதாவதுல எத்தனை பேரு இருந்தாங்க, அதுல எத்தனை பேரு பத்தாவது எழுதுனாங்க?’ தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பீரோவைத் திறந்து இரண்டு வருஷ வருகைப் பதிவேட்டையும் எடுத்துவந்தார். இருவரும் பெயர் பெயராக ஒத்துப் பார்த்தார்கள். மூன்று பெயர் குறைந்தது. ஒருவன் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது பையன் எங்கே போனான் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.