எக்கோகார்டியோகிராம்: இதய எதிரொலி வரைவு

கால்நடை மருத்துவர் சீட்டில் ‘எக்கோ’ என்று எழுதிக் கொடுத்தால், நாயும் பூனையும் வளர்ப்பவர்கள் அதை ‘ஹார்ட் ஸ்கேன்’ என்று சொல்லிக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றுதான். முழுப்பெயர் எக்கோகார்டியோகிராம். ஒலியை உள்ளே அனுப்பி, மோதித் திரும்பி வருவதைக் கொண்டு இதயத்தைப் படமாகக் காட்டும் பரிசோதனை. மூன்று கிரேக்கச் சொற்களின் கூட்டு அது: எக்கோ என்றால் ஒலி, கார்டியா என்றால் இதயம், கிராமா என்றால் எழுதப்பட்டது அல்லது வரையப்பட்டது. ‘கிராம்’ என்று முடிந்தால் கிடைத்த படம். ‘கிராஃபி’ என்று முடிந்தால் படம் எடுக்கும் வேலை. நம் பேச்சில் இரண்டும் ‘எக்கோ’வுக்குள் அடங்கிவிடுகின்றன.

கார்டியாவுக்கு நாம் எழுதும் ‘இதயம்’ வடமொழி ‘ஹ்ருதய’த்திலிருந்து வந்தது. ஹ்ருதயமும் கார்டியாவும் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலாளர்கள் கருத்து. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் ‘நெஞ்சகம்’ என்று எழுதலாம். ‘நெஞ்சாங்குலை’ என்ற அருமையான சொல்லும் இருக்கிறது. ஆனால் கறிக்கடை நினைவு வந்துவிடும், மருத்துவமனைக்கு ஒத்துவராது.

இந்தப் பரிசோதனை பிறந்தது சுவீடனில் உள்ள லுண்ட் நகரில். எட்லர் என்ற இதய மருத்துவர், அறுவைச் சிகிச்சைக்கு முன்பே இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள ஈரிதழ் வால்வின் நிலையை அறிய வழி தேடிக்கொண்டிருந்தார். ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் அவருடன் சேர்ந்தார். மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. ஹெர்ட்ஸ் அதை இரவல் வாங்கித் தன் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். பிறகு சீமென்ஸ் நிறுவனம் தந்த அதே வகைக் கருவியால் 1953 அக்டோபர் 29 அன்று இதய அசைவைப் பதிவு செய்தார்கள். இந்த ஹெல்முத்தின் தந்தை குஸ்தாவ் ஹெர்ட்ஸ், 1925-க்கான இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். குஸ்தாவின் பெரியப்பா ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் பெயரில்தான் அதிர்வெண்ணை இன்றும் அளக்கிறோம்.

எட்லர் வைத்த பெயரில் எக்கோ இல்லை. அவர் ‘அல்ட்ராசவுண்ட் கார்டியோகிராஃபி’ என்றார். எக்கோகார்டியோகிராஃபி என்ற பெயர் பிறகு அமெரிக்காவில் நிலைபெற்றது. அதைச் சுருக்கினால் ஈ.சி.ஜி. என்று வரும். அந்த மூன்று எழுத்தையும் மின்துடிப்பு வரைவு முன்பே பிடித்து வைத்திருந்தது. அதனால் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ‘எக்கோ’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒலி மோதித் திரும்புவதற்கு ‘எதிரொலி’ என்ற சொல் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிக்கு ‘மீயொலி’ என்கிறோம். ‘மீ’ என்றால் மேல். சிலர் ‘கேளா ஒலி’ என்றும் எழுதுகிறார்கள். நாய், பூனை விஷயத்தில் இந்தக் கடைசிச் சொல் சிக்கல். நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், பூனைக்கு 60,000-ஐயும் தாண்டிக் கேட்கும். நமக்குக் கேளாதது அவற்றுக்குக் கேட்கும் ஒலி. ஆனால் எக்கோ கருவியின் ஒலி அதற்கும் எவ்வளவோ மேலே போய்விடுகிறது: பெரிய நாய்க்குச் சுமார் 30 முதல் 50 லட்சம் ஹெர்ட்ஸ், பூனைக்கு 75 லட்சத்துக்கும் மேல். அதனால் கருவிச் சத்தம் பூனையை மிரட்டுமோ என்று பயப்பட வேண்டாம்.

மீயொலி என்பது உள்ளே அனுப்புவதைச் சொல்கிறது. படத்தை உண்டாக்குவது திரும்பி வருவது. அதனால் ‘இதய எதிரொலி வரைவு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கையில் கிடைக்கும் படத்தை ‘இதய எதிரொலிப் படம்’ எனலாம். வரவேற்பில் நின்று பேசும்போது ‘எக்கோ’ என்றாலே போதும், அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

‘ஸ்கேன்’ பற்றியும் ஒரு வரி. லத்தீன் வேருக்கு ஏறுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் செய்யுளைச் சீர் சீராகப் பிரித்துப் பார்ப்பதைக் குறித்தது. அதற்கு நம் யாப்பிலக்கணத்தில் ‘அலகிடுதல்’ என்று பெயர். இதயத்தை அலகிடுவது என்று எழுத ஆசைதான், யாருக்கும் புரியாது.

இனி, நலமாகத் தெரியும் விலங்குக்கும் எக்கோ எடுத்துப் பார்ப்பதைச் சொல்லும் ‘ஸ்கிரீனிங்’. இதை ‘திரையிடல்’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். நாய்க்கு ஏதோ படம் போட்டுக் காட்டப்போகிறார்கள் என்று தோன்றும். ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீன்’ என்பதற்குச் சரளை, கரி சலிக்கும் சல்லடை என்றும் பொருள் உண்டு. மருத்துவப் பொருள் அந்தச் சலிப்போடுதான் சேரும். வெளியே ஒரு குறையும் தெரியாத கூட்டத்திலிருந்து நோயுள்ளதைப் பிரித்தெடுப்பது அது. ‘முன்னறி பரிசோதனை’ என்றால் தெளிவாக இருக்கும்.

டாபர்மேனில் இதயத்தசை வலுவிழந்து அறைகள் விரிந்துபோகும் நோய் வரும். நாய் ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அது வளர்ந்திருக்கும். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலில் ஈரிதழ் வால்வு தடித்துக் கசியும். நாய்களின் இதய நோயில் பெரும்பங்கு இந்த வால்வுக் கசிவுதான், குறிப்பாகச் சிறிய ஜாதிகளில். அதாவது எட்லர் தேடிய அதே வால்வு. மேயின் கூன், ராக்டால் பூனைகளில் இடது கீழறைச் சுவர் தடிக்கும் நோய் மரபணு வழியாக வருகிறது. மேயின் கூனில் அந்த மரபணு மாற்றத்தை 2005-இலும், ராக்டாலில் 2007-இலும் கண்டறிந்தார்கள். நம்மூரில் அதிகம் வளரும் பெர்சியனும் இந்த நோய் வரும் ஜாதிகளில் ஒன்று.

பூனையிடம் ஸ்டெதஸ்கோப்பை மட்டும் நம்ப முடியாது. ‘மர்மர்’ என்கிற முணுமுணுப்பு கேட்டும் இதயம் நன்றாக இருக்கலாம். கேட்காமலே சுவர் தடித்திருக்கலாம். இதயம் விரியும் நேரத்தில் அந்தச் சுவர் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவர் தடிப்பு நோயை நினைப்பார்; 5-க்கும் 6-க்கும் நடுவில் இருந்தால் சிறிது காலம் கழித்து மறுபடி வரச் சொல்வார். அந்த ஒரு மில்லிமீட்டருக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். கவனிக்காமல் விட்டால் சில பூனைகளுக்கு இதயத்தில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பின்னங்கால்களுக்குப் போகும் தமனியை அடைத்துவிடும். காலையில் குதித்துத் திரிந்த பூனை மாலையில் பின்கால் இழுத்துக் கதறும். பாதம் தொட்டால் சில்லென்றிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் அடிபட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

எடுக்கும் விதம் எளிது. பெரும்பாலும் மயக்கம் தருவதில்லை. மேசையில் ஒரு பக்கம் வெட்டிய இடைவெளி இருக்கும். விலங்கை வலப்பக்கம் கீழாகப் படுக்கவைத்து, அந்த இடைவெளி வழியே கீழிருந்து கருவியை வைப்பார்கள். கூடவே ஒருவர் முன்கால்களைப் பிடித்துத் தலையைத் தடவிக்கொடுப்பார். முடியை மழிப்பார்கள், அல்லது ஸ்பிரிட்டால் நனைத்து ஒதுக்கி ஜெல் தடவுவார்கள். திரையில் சிவப்பும் நீலமும் ஓடும்போது நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படியில்லை. கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிப் போவது நீலம். நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுவதைச் சொல்லும் டாப்ளர் விளைவின் கணக்கு அது.

நாயின் அறிக்கையில் ‘எல்.ஏ./ஏ.ஓ.’ என்று ஒரு வரி இருக்கும். இடது மேலறையின் அளவைப் பெருந்தமனியின் அளவால் வகுத்த எண் அது. வால்வு கசிந்தால் மேலறை பெருக்கும், எண் ஏறும். 1.6-ஐத் தொட்டு, கீழறையும் பெருத்திருந்தால், இருமலோ மூச்சிரைப்போ இல்லாத நாய்க்கும் இதயத்துக்கு வலுவூட்டும் பிமோபெண்டான் மாத்திரை தொடங்குவது வழக்கம். அது இதயச் செயலிழப்பைச் சராசரியாகச் சுமார் 15 மாதம் தள்ளிப்போடுகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்னறி பரிசோதனைக்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

டாபர்மேன் வைத்திருப்பவர்களுக்கு எக்கோ மட்டும் போதாது. அந்த ஜாதியில் இதயம் விரிவதற்கு முன்பே துடிப்பு தாளம் தவறலாம். அசைவைக் காட்டும் படத்தில் அது பிடிபடாமல் போகும். அதனால் 24 மணி நேரத் துடிப்பைப் பதியும் ‘ஹோல்ட்டர்’ கருவியையும் உடம்பில் கட்டி அனுப்புவார்கள். இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர் கண்டுபிடித்த கருவி அது. அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.