நாய் ஏன் கம்பந்தோறும் காலைத் தூக்குகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறச் சிறுநகரத்தில், லயத்து வீடுகள் முடிந்து செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை தொடங்கும் முனையில் பெரும்பாலும் ஒரு மின்கம்பம் நிற்கும். அதை மோந்து பார்க்காமல் கடந்து செல்லும் நாயைக் காண்பது அரிது. அடிப்பாகத்தைச் சுற்றிச் சுற்றி மோந்தபின், காலைத் தூக்கிச் சில துளிகளை மட்டும் விட்டுவிட்டு, அடுத்து ஒட்டுக்கடை ஓரம் நிறுத்தியிருக்கும் மோட்டாரின் சக்கரத்தில் இன்னும் சில துளிகளை விடும். சிறுநீர்ப்பையைக் காலி செய்வதே நோக்கமென்றால் ஒரே இடத்தில் வேலை முடிந்திருக்கும். நாயோ இருப்பதைச் சிக்கனமாகப் பங்கிட்டுச் செலவிடுகிறது. தீர்ந்துபோன பின்னும் வெறுமனே காலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்வதுண்டு. சிறுநீர் கழிப்பதும் சிறுநீரால் குறியிடுவதும் இரு வேறு செயல்கள் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

‘இது என் இடம்’ என்று எல்லை போடுவதற்காகவே நாய் இவ்வாறு செய்கிறது என்பது நம்மிடையே பரவலான விளக்கம். ஓநாய்களைப் பொறுத்தவரை அதில் உண்மை நிறையவே இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா காடுகளில் ஓநாய்த் தடங்களைப் பின்தொடர்ந்த ரோஜர் பீட்டர்ஸ், டேவிட் மெக் ஆகிய இருவரும், ஒரு கூட்டம் ஆளும் பரப்பின் நடுப்பகுதியைவிட விளிம்புகளில் இத்தகைய குறிகள் ஏறத்தாழ இரு மடங்கு அடர்த்தியாக இருப்பதை 1975இல் வெளியிட்டனர். ஆனால் ஊர் நாய்கள் யாருக்கும் சொந்தமில்லாத பொதுவழியிலும் குறியிடுகின்றன. அதைவிட முக்கியமாக, குறியிடும் நேரத்தைவிட மோந்து பார்ப்பதற்கே அவை அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன. எல்லை விளக்கம் இந்த மோப்பத்துக்குப் பதில் சொல்வதில்லை. அந்தக் கம்பத்தைத் தோட்டத்துக் காலைப் பெரட்டோடு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்தோடு, ஒப்பிடுவதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். யார் வந்தார், யார் வரவில்லை, வந்தவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடுகிறது. ஆனால் நாய்கள் ஒரே நேரத்தில் அங்கு கூட வேண்டியதில்லை. அறிமுகமில்லாத இரு நாய்கள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளாமலேயே ஒன்றைப் பற்றி மற்றொன்று அறிந்துகொள்வது இரண்டுக்கும் நன்மைதான்.

சிறுநீர் எவ்வாறு இத்தனை தகவல்களைத் தாங்குகிறது? இரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களின் சிதைவுப் பொருள்களையும் உண்ட உணவின் எச்சங்களையும் சிறுநீரகம் வடித்து அனுப்புவதால், உடலில் நிகழும் மாற்றங்கள் சிறுநீரின் வாசனையிலும் வெளிப்படுகின்றன. ஆணா பெண்ணா, பெண்ணென்றால் இணைசேரும் பருவத்தில் இருக்கிறதா என்பவை அவற்றுள் முதன்மையானவை. இப்பருவத்தை நெருங்கும் பெண் நாய் வழக்கத்தைவிட அடிக்கடி சிறு அளவில் சிறுநீர் விடுவதும், சுற்றுவட்டார ஆண் நாய்கள் அந்த வீட்டு வேலியைச் சுற்றி வருவதும் இதனால்தான். ஆண்களை ஈர்ப்பது, பெண் நாயின் பிறப்புறுப்புச் சுரப்பில் உள்ள மீத்தைல் பாராஹைட்ராக்சிபென்சோயேட் என்ற ஒற்றைப் பொருளே என்று 1979இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னர் நடந்த சோதனை அதை உறுதிப்படுத்தவில்லை. பல சேர்மங்கள் வெவ்வேறு விகிதங்களில் கலந்தே செய்தியாகின்றன என்று கொள்வதுதான் இன்றைய நிலையில் நியாயமானது.

இந்தக் கலவையைப் பிரித்தறியும் மூக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதருக்குச் சில மில்லியன் மோப்ப உயிரணுக்களே உள்ளன. நாய்க்கோ இனத்துக்கு ஏற்ப 200 மில்லியனுக்கும் மேல் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. எண்ணிக்கையைவிட அமைப்பு இன்னும் வியப்பானது. மோந்து பார்க்கும் நாய் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை காற்றை இழுத்து விடுகிறது. வெளிவிடும் காற்று மூக்குத்துளையின் பக்கவாட்டுப் பிளவு வழியே பின்புறமாக வெளியேறுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைந்துபோவதில்லை. உள்ளிழுத்த காற்றில் சுமார் எட்டில் ஒரு பங்கு மட்டும் நுரையீரலுக்குப் போகும் வழியிலிருந்து பிரிந்து, மூக்கின் பின்கோடியில் உள்ள மோப்ப அறைக்குச் செல்கிறது. நம் மூக்கில் இத்தகைய தனி அறை இல்லை.

சில நேரங்களில் ஆண் நாய் சிறுநீரை நக்கிவிட்டு, பற்கள் லேசாக நடுங்க, நாக்கை மேலண்ணத்தில் அழுத்துவதைக் காணலாம். மேல் முன்பற்களுக்குப் பின்னால் இருக்கும் நுண்துளை வழியே, எளிதில் ஆவியாகாத பொருள்கள் ஜேக்கப்சன் உறுப்பு என்ற இரண்டாவது மோப்ப உறுப்பை அடைகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813இல் விவரித்த உறுப்பு இது. எலிகளோடு ஒப்பிட்டால் இவ்வுறுப்புக்குரிய உணர்வி மரபணுக்கள் நாயிடம் மிகக் குறைவு. ஆகவே நாயின் மோப்பத்தில் பெரும்பங்கு மூக்கினுடையதே.

மோந்தபின் பல நாய்கள் அதே இடத்திலோ அதன் மேலேயோ தம் சிறுநீரை விடுகின்றன. அன்னெகே லிஸ்பெர்க், சார்ல்ஸ் ஸ்னோடன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாலை உயர்த்தி நடக்கும் நாய்களே இவ்வாறு பதில் குறி இடுவதில் முனைப்புக் காட்டின. ஆண் பெண் இரண்டுமே அதைச் செய்தன. குறியிடுவது ஆண் நாயின் வேலை என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

காலைத் தூக்குவதற்கும் காரணம் உண்டு. உயரத்தில் விழும் குறி மற்ற நாய்களின் மூக்குக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. 2018இல் பெட்டி மெக்குவயரும் குழுவினரும், சிறிய ஆண் நாய்கள் பெரியவற்றைவிட அதிகக் கோணத்தில் காலைத் தூக்குவதைக் காணொளிப் பதிவுகளின் மூலம் காட்டினர். தம் உருவத்தை மிகைப்படுத்திக் காட்டும் முயற்சியாக அது இருக்கலாம் என்பது அவர்களின் விளக்கங்களுள் ஒன்று.

நம் ஊரின் தட்பவெப்பம் இச்செய்திகளின் ஆயுளைக் குறைக்கிறது. எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகள் நண்பகல் வெயிலில் விரைந்து பறந்துவிடுகின்றன; மாலை மழை எஞ்சியவற்றையும் கழுவிக்கொண்டு போகிறது. குறிகளை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

நாயைச் சங்கிலியில் கட்டி நடத்திச் செல்வோர் ஒவ்வொரு கம்பத்திலும் அதை வெடுக்கென்று இழுப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நடையில் அதற்குக் கிடைக்கும் முதன்மையான அனுபவம் அந்த மோப்பம்தான். ஓரிரு நிமிடம் காத்திருப்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அதே சமயம், எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்களையும் தாக்கும் என்பதால், தேங்கிய சாக்கடை நீரிலிருந்து நாயை விலக்கி வைத்து, அதற்கான தடுப்பூசியையும் போட்டுவிட வேண்டும். கருத்தடை செய்தால் ஆண் நாய் குறியிடுவது பெரும்பாலும் குறையும். எல்லா நாய்களிடமும் முற்றாக நின்றுவிடாது. இதுவரை வீட்டுக்குள் அசுத்தம் செய்யாத நாய் திடீரென்று பாயிலும் நாற்காலிக் காலிலும் சிறுநீர் விடத் தொடங்கினால் அடிக்கக் கூடாது. அது குறியிடுவதாக இல்லாமல் சிறுநீர்ப்பாதைத் தொற்றாகவும் இருக்கலாம் என்பதால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.