‘எடுத்துடுங்க டாக்டர்’ என்பதற்கு முன் ஓர் ஊசி

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம், நாற்பதைத் தாண்டிய ஒரு பேருந்து ஓட்டுநர் மனைவியோடு என் அறைக்கு வந்தார். நாற்காலியின் நுனியில், பாரம் முழுவதையும் வலது பக்கம் சாய்த்து உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மாத்திரை அட்டைகள், மூன்று ஸ்கேன் அறிக்கைகள், பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) கடிதம். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: “டாக்டர், இடது விதையை எடுத்துடுங்க. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனிமே எனக்கு அது எதுக்கு?”

அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் சிறுநீரகவியல் அறுவை மருத்துவராக இந்தக் கோரிக்கையை நான் கேட்பது புதிதில்லை. தமிழ் நோயாளிகள் இதைத் தமிழில் சொல்லும்போது அதில் ஒரு அவசரம் இருக்கும். பல மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிடுகிற அவசரம். இவர்களில் பலர் முதலில் “அடிவயிறு வலி” என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பார்கள். உடம்புச் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் தடவியிருப்பார்கள், வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருப்பார்கள். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வருஷம் போயிருக்கும். (இந்தக் கட்டுரையில் வருகிறவர்களின் வேலை, வயது, விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

முதலில் இரண்டு விஷயங்களைத் தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறேன். திடீரென்று, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகிற விரை (அவர் சொன்ன விதை) வலி, கூடவே வாந்தி என்றால் அது காத்திருந்து யோசிக்கிற வலியே அல்ல. விரை தன் தண்டோடு முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்தால்தான் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். பதின்ம வயதுப் பையன்களுக்கும் தேசிய சேவையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் இது வரலாம். நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. இன்னொன்று, விரையில் கெட்டியாக ஒரு கட்டி. பெரும்பாலும் வலிக்காது, வலிக்கவில்லையே என்றுதான் விட்டுவிடுகிறார்கள். அது புற்றாக இருந்தால் விரையை எடுப்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. நான் இங்கே பேசுவது இந்த இரண்டும் இல்லாத, மூன்று மாதத்துக்கு மேலாக விட்டுவிட்டோ விடாமலோ இழுக்கிற, வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கிற வலியைப் பற்றி.

இந்த வலிக்குக் காரணம் தேடினால் பட்டியல் நீளும். விரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற சுருள்குழாயில் அழற்சி, வெரிகோசீல் என்கிற ரத்தக்குழாய் வீக்கம், நீர்க்கட்டி, குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்குப் பின் வருகிற அழுத்தம், குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்த இடத்தில் சிக்கிய நரம்பு, இறுகிப்போன இடுப்புத்தளத் தசை, இடுப்பு மூட்டு, முதுகெலும்பு, சிறுநீரகக் கல். இத்தனையும் தேடிய பிறகும் கணிசமானவர்களுக்குக் காரணம் கிடைப்பதில்லை. ஸ்கேன் ‘நார்மல்’ என்று வரும். நோயாளி அதைக் கேட்டு ஆறுதல் அடைவார் என்று நினைப்போம். அவரோ ‘அப்போ நான் பொய் சொல்றேனா’ என்று முகம் சுண்டிப்போவார்.

சிறுநீரகக் கல்லுக்கு விரை ஏன் வலிக்க வேண்டும்? கருவில் விரை உருவாவது கீழே இல்லை, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகு மெல்ல இறங்கி வருகிறது. வரும்போது தன் ரத்தக்குழாயையும் நரம்பையும் கூடவே இழுத்து வருகிறது. அதனால் முதுகின் நடுப்பகுதிக்குக் கீழே தண்டுவடத்தில் சேர்கிற நரம்புகளில்தான் விரையின் சேதியும் போய்ச் சேர்கிறது. அதே இடத்துக்குச் சிறுநீரகமும் சேதி அனுப்புகிறது. மூளைக்கு எது எங்கிருந்து வந்தது என்று குழம்பிவிடும். விரைப்பையின் தோலுக்கும் கவட்டிக்கும் வேறு நரம்புகள். அவை இடுப்பின் முன்புறம் வழியாக, சரியாகக் குடலிறக்க அறுவை செய்கிற பாதையில் வருகின்றன. வலிக்கிற இடமும் வலி புறப்படுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒயரில் கோளாறு இருக்கும்போது பல்பைக் கழற்றி வைத்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் கழற்றியிருக்கிறேன்.

பயிற்சி முடித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு நோயாளி நான்கு மாதத்தில் ஆறு முறை வந்தார். வலி, தூக்கமில்லை, வேலை போய்விடும் என்றார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. கடைசியில் அவர் கெஞ்சினார், நான் சம்மதித்தேன். விரைப்பையைத் திறந்து எடுத்தேன். அரை மணி நேர வேலை. ஆறு வாரம் கழித்து வந்தவர் அமைதியாகச் சொன்னார்: “டாக்டர், இல்லாத இடத்துல வலிக்குது.” பிறகுதான் அவருடைய இடுப்பு மூட்டை அசைத்துப் பார்த்தேன். உள்பக்கம் திருப்பியதும் அதே வலி, அதே இடத்தில். இரண்டு நிமிடப் பரிசோதனை. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அவர் என் மீது கோபப்படவில்லை. இன்றுவரை அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கை காலை எடுத்தவர்களுக்கு வருகிற மாய வலி விரைக்கும் வரும். புற்றுக்காக விரையை எடுத்தவர்களிடம் ஜெர்மனியில் விசாரித்தபோது ஏறக்குறைய நான்கில் ஒருவர் இல்லாத விரையில் வலி இருப்பதாகச் சொன்னார்கள். வலிக்காகவே எடுக்கும்போது எந்த வழியாக எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 1990-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் கவட்டியில் கீறி, மேலே விரையைத் தாங்குகிற கயிறோடு சேர்த்து எடுத்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு வலி முழுதாகப் போனது. விரைப்பை வழியாக எடுத்தவர்களில் 55 சதவீதம்தான். சிறிய ஆய்வு, சில பத்துப் பேர்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். நல்ல வழியில் எடுத்தாலும் நாலில் ஒருவருக்கு வலி முழுதாகப் போகவில்லை என்று அதைத் திருப்பியும் படிக்கலாம். நான் நோயாளியிடம் இந்த இரண்டாவது விதமாகத்தான் சொல்வேன்.

ஓட்டுநரிடம் திரும்புகிறேன். அவருடைய கதையில் ஒரு வரி என்னை நிறுத்தியது. வலி தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு இடது பக்கம் குடலிறக்க அறுவை நடந்திருந்தது. எங்கே என்பது இங்கே தேவையில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கிளினிக்காகப் போய் ஐந்து முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தார். சிறுநீரில் ஒரு முறைகூடக் கிருமி இல்லை. இதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: கிருமி இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் வலிமாத்திரை ஆகாது. சில வகைகள் தசைநாணைக்கூடப் பாதிக்கும். இருந்தும் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், நானும் சேர்த்துத்தான்.

நரம்பு வலிக்கான மாத்திரைகளை யாரோ தொடங்கியிருந்தார்கள், அவர் நிறுத்திவிட்டார். அமிட்ரிப்டிலினும் கபாபென்டினும் பலருக்கு உதவும். ஆனால் தூக்கம் வரும். காலை ஐந்து மணிக்கு டெப்போவில் இருக்க வேண்டிய மனிதரிடம் அதைக் கொடுத்துவிட்டு ‘மருந்து சாப்பிடவில்லை’ என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஓட்டுநர், கிரேன் இயக்குபவர், சாரம் ஏறுகிறவர் எல்லோரும் தங்கள் வேலை என்ன என்பதை மருந்து எழுதும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நான் அவருக்குச் சொன்னது: எடுப்பதா வேண்டாமா என்று இன்று பேச வேண்டாம். முதலில் ஓர் ஊசி.

விரையைத் தாங்குகிற கயிறு ஒன்று உண்டு, விந்து நாண். விந்துக்குழாய், ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அதற்குள்தான். கவட்டி எலும்பின் மேட்டுக்கு முன்னால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைப் பிடித்து உருட்டலாம். சமைக்காத நூடுல்ஸ் கட்டு மாதிரி இருக்கும். அதைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைப் பத்து மில்லியளவு செலுத்துவோம். அறுவை அறை தேவையில்லை. குத்தும்போது ஒரு சுருக், பிறகு பாரம். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கம் மரத்துவிடும். சில மணி நேரம் அப்படியே இருக்கும்.

“போய் மாடிப்படி ஏறி இறங்கிட்டு வாங்க” என்று அனுப்பினேன். வந்தார். உட்கார்ந்தார். அவர் மனைவி சிரித்தார், ஏனென்று எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் நானும் கவனித்தேன்: நாற்காலியில் முழுதாக உட்கார்ந்திருந்தார். அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் மணிக்கு ஒரு முறை, பத்துக்கு எத்தனை வலி என்று எழுதச் சொன்னேன். பள்ளிப் பிள்ளையின் கணக்கு நோட்டில் கிழித்த தாள் அடுத்த வாரம் வந்தது: 8, 1, 0, 0, 0, 2, 5, 8. ஊசி போட்டாலே வலி போய்விட்ட மாதிரி சிலருக்குத் தோன்றும் என்பதால் நான் இன்னொரு நாள் மறுபடி போடுவேன். இரண்டாம் முறையும் அப்படியே.

இந்தத் தாள் சொல்வது பெரிய விஷயம். வலி பாதிக்கு மேல் குறைந்தால், சேதி அந்தக் கயிறு வழியாகத்தான் போகிறது. குறையவே இல்லை என்றால் வலியின் ஊற்று வேறெங்கோ; அப்படிப்பட்டவருக்கு விரையை எடுப்பதும் பலன் தராது, அவரை முதுகுக்கும் இடுப்புக்கும் பார்க்கிறவர்களிடமோ இடுப்புத்தளப் பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்டிடமோ அனுப்ப வேண்டும். ஆண்களுக்கும் அந்தப் பயிற்சி உண்டு என்பதே பலருக்கு ஆச்சரியம்.

சேதி கயிறு வழியாகப் போகிறது என்று தெரிந்தால் விரையை எடுக்காமல் நரம்பை மட்டும் துண்டிக்கலாம். கவட்டியில் சிறு கீறல், நுண்ணோக்கி. தமனியையும் நிணநீர்க் குழாய்களையும், பெரும்பாலும் விந்துக்குழாயையும் விட்டுவிட்டு மற்றதை வெட்டுவோம். ஊசிக்கு நல்ல பலன் கிடைத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவுக்கு வலி முழுதாகப் போனதாக வெளிவந்த ஆய்வுகள் உண்டு. நீர்வீக்கம் வரலாம், அபூர்வமாக விரை சுருங்கிப்போகலாம். வலி குறைய சில வாரம், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். இதைச் செய்து பார்த்தும் பலனில்லை என்றால் பிறகு எடுப்பதற்கு ஒரு தடையும் இல்லை. எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வழியில்லை.

அதற்காக எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்குப் பிறகு ஆறு வருஷம் வலியோடு இருந்த ஒருவருக்கு எல்லாம் செய்து பார்த்துவிட்டு, கவட்டி வழியாக வலது விரையை எடுத்தேன். இப்போது ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் சைக்கிள் ஓட்டுகிறார். சிலிகான் விரை வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, “யாருக்குக் காட்டப் போறேன்” என்றார். மற்ற விரை ஆரோக்கியமாக இருந்தால் ஆண்மைச் சுரப்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பொதுவாக ஒன்று போதும். பிள்ளை வேண்டும் என்று இருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே விந்துப் பரிசோதனை செய்து, தேவையென்றால் உறையவைத்துச் சேமிப்பதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு பக்கமும் வலி, இரண்டையும் எடுங்கள் என்று வருபவரின் கதை வேறு: வாழ்நாள் முழுக்க டெஸ்டோஸ்டிரோன் மருந்து, இல்லாவிட்டால் எலும்பு தேயும், ரத்தம் குறையும், சோர்வு வரும்.

வேலை அனுமதியில் இருக்கிற தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்து, ஊருக்குப் போகும்போது அவசரமாக எடுத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். உங்கள் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. 2023 ஜூலையிலிருந்து மருத்துவக் காப்புறுதி வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும். பத்து நாள் விடுமுறையில் முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. குடியுரிமை, நிரந்தரவாசம் உள்ளவர்கள் பலதுறை மருந்தகம் வழியாகக் கடிதம் வாங்கிப் போனால் பொது மருத்துவமனையில் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம்.

நீண்ட வலி மனதையும் அரித்துவிடும். ‘இதோட இருக்கிறதுக்குச் செத்துடலாம்’ என்று யாராவது சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுக்காதீர்கள். சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

ஓட்டுநருக்கு ஏப்ரலில் நரம்பைத் துண்டித்தோம். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை என்று கோபமாகத் தொலைபேசியில் பேசினார். ஆகஸ்டில் வலி 2. இப்போதும் நீண்ட தடத்தில் ஓட்டும்போது அடியில் ஒரு மெத்தை வைத்துக்கொள்கிறார். போன டிசம்பரில் வந்தவர் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா, இரண்டு வருஷமாக வேண்டுதல் பாக்கி என்று கேட்டார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு வரைக்கும் இடுப்பில் பாரத்தோடு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். பால்குடம் எடுங்க, காவடியை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். இந்த முறை அவர் மனைவி தரையைப் பார்க்கவில்லை. “நான் சொன்னப்போ கேட்டீங்களா?” என்று அவரைப் பார்த்துக் கேட்டார்.