லீவு போட்டும் தீராத அசதி

கடலூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். வேலையே ஆளைத் தின்று தீர்த்த நிலையில், அதாவது பர்ன்அவுட்டில், வருகிறவர்கள் யாரும் அதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கம் இல்லை, கழுத்து வலி, சாப்பிட்டது செரிக்கவில்லை, காரணமே இல்லாமல் பிள்ளையை அடித்துவிட்டேன் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதற்கு முன்பே இரண்டு மூன்று டாக்டர்களைப் பார்த்து, ஸ்கேன் வரைக்கும் எடுத்து, 'ஒண்ணுமில்ல' என்று கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால் 'அது பாட்டுக்குப் போவுது மேடம்' என்பார்கள். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால், 'வேலைக்குப் போற பஸ் அரியாங்குப்பம் தாண்டினாலே வயித்தைப் பெரட்டுது' என்று ஒரு வார்த்தை தானாக வரும்.

பர்ன்அவுட் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன்னுடைய நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் வரையறுத்தது. அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்து நெருக்கடி சரிசெய்யப்படாமல் நீண்ட காலம் நீடித்தால் வருகிற நிலை என்றுதான் சொல்கிறது. அதற்கு மூன்று முகங்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி எரிச்சலும் கசப்பும் சேர்வது, நாம் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் வெளியிட்ட அளவுகோலும் கிட்டத்தட்ட இந்த மூன்றைத்தான் அளக்கிறது.

முதல் முகத்தை எல்லோரும் கண்டுகொள்வார்கள். இரண்டாவதுதான் சிக்கல், ஏனென்றால் அது அசதி மாதிரியே இருக்காது, குணம் கெட்டுவிட்ட மாதிரி இருக்கும். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்) தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர், ஆள் வராத நாட்களில் இரண்டு ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்ப்பவர். முன்பெல்லாம் நோயாளிகளை 'ஆயா', 'பெரியப்பா' என்று உறவு சொல்லிக் கூப்பிட்டவர் இப்போது பெட் நம்பரைச் சொல்லித்தான் பேசுகிறார். ஒரு பாட்டி தண்ணீர் கேட்டதற்குச் சுள்ளென்று விழுந்துவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதிருக்கிறார். 'நான் ஈரமில்லாதவளா ஆயிட்டேன் மேடம்' என்றார். அப்படி இல்லவே இல்லை. எல்லோருடைய வலியையும் தன் வலியாக எடுத்துக்கொண்டு ஓடியவருக்கு, இதற்கு மேல் தாங்காது என்று மனசு தானே கதவைச் சாத்திக்கொள்கிறது. ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கால்சென்டர் பிள்ளைகள் என்று மனிதர்களோடு வேலை பார்க்கிற எல்லோரிடமும் இதைப் பார்க்கிறேன்.

இந்த ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று கடலூரும் புதுச்சேரியும் அடி வாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் மின்வாரிய லைன்மேன், கிராம நிர்வாக அலுவலர், தூய்மைப் பணியாளர், அரசு மருத்துவமனை ஊழியர் இவர்கள்தான் வீட்டுக்குப் போகாமல், தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கும்போதே ஊருக்காக நின்றவர்கள். புயல் நேரத்தில் யாரும் விழுவதில்லை. மக்கள் கையைப் பிடித்து நன்றி சொல்கிறார்கள், செய்கிற வேலைக்கு அர்த்தம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது. கரண்ட் வந்து, கணக்கெடுப்பு ஆரம்பித்து, 'என் பெயர் ஏன் லிஸ்ட்டில் இல்லை' என்று அதே மக்கள் திட்டி, மேலிடத்திலிருந்து அறிக்கை மேல் அறிக்கை கேட்டு, விட்டுப்போன தூக்கத்தை ஈடுகட்ட ஒரு நாள்கூடக் கிடைக்காமல் போகிற அந்தப் பின்மாதங்களில்தான் விழுகிறார்கள். அப்போது, புயலைச் சமாளித்தவருக்கு இப்போது என்ன வந்தது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

சரி, லீவு போட்டால் போகாதா? சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருப்பவர் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டு வந்தார். அங்கே நன்றாகத் தூங்கினார், சிரித்தார். திரும்பி வந்து சில நாளிலேயே பழைய படபடப்பு. இது அவருக்கு மட்டும் நடப்பதில்லை, விடுமுறையால் கிடைக்கும் தெம்பு சில வாரங்களுக்குள் கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. எது எரித்ததோ அது அப்படியே காத்திருக்கும்போது உடம்பு மட்டும் என்ன செய்யும்?

மாஸ்லாக்கும் இன்னொரு உளவியலாளரான மைக்கேல் லைட்டரும் வேலையில் மனிதரைத் தேய்க்கிற இடங்கள் ஆறு என்றார்கள்: வேலைப்பளு, நம் கையில் இருக்கும் அதிகாரம், செய்ததற்குக் கிடைக்கும் மதிப்பும் பலனும், கூட இருப்பவர்களோடு உறவு, நியாயம், நம் மனசாட்சியோடு வேலை ஒத்துப்போவது. என்னிடம் வருகிறவர்களோடு இந்த ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவேன். ஏனென்றால் முதலில் எல்லோரும் 'வேலை ஜாஸ்தி' என்றுதான் சொல்வார்கள், தோண்டினால் வேறொன்று இருக்கும். அந்தச் சூப்பர்வைசருக்கு வேலைப்பளு பிரச்சினையாகவே இல்லை. அடுத்த நாள் எந்த ஷிப்ட் என்பது முந்தைய நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும், சில சமயம் பாதியில் மாறும். தூங்கப் போகும்போதும் போன் கையில். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக்கூட அவரால் முடியவில்லை. ஒரு வாரத்துக்கான ஷிப்ட் பட்டியலை முன்கூட்டியே தரும்படி, தனியாக இல்லாமல் கூட இருந்த சூப்பர்வைசர்களோடு சேர்ந்து எழுதிக் கேட்டார். இழுத்தடித்துத்தான் கிடைத்தது. இரவு ஷிப்ட் இன்னும் இருக்கிறது, எரிச்சலும் சில நாள் வருகிறது, ஆனால் தூங்குகிறார்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் யாரிடமும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. குழுக் கடன், நகைக் கடன், பிள்ளை பீஸ் என்று இருக்கிறவரிடம் அதைச் சொல்வது கொடுமை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தகுதிக்கான நாட்கள் சந்தா கட்டியிருந்து, இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்காலப் பலனாகக் கிடைக்கும். மனநோய்க்கான சிகிச்சையும் சிகிச்சைதான். இது தெரியாமலே, கூலி போய்விடும் என்று பயந்து உடம்பை இழுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய.

முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு எல்லாமே இதே அசதியைத் தரும். நெஞ்சு அடைத்தால் அதை மன அழுத்தம் என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள், இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்க்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்க்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. இரண்டு ஷிப்ட் பார்ப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

அசதி போக ஒரு குவார்ட்டர் என்று ஆரம்பிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் விலை குறைவு, அதனால் கடலூர்க்காரர்களுக்கு அது கைக்கெட்டும் தூரம். குடித்தால் சீக்கிரம் கண் அசரும், உண்மைதான், ஆனால் பின்னிரவில் தூக்கம் உடைந்து உடைந்து போகும். காலையில் இன்னும் களைப்பு, சாயங்காலம் இன்னும் கொஞ்சம் அதிகமாக வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. பர்ன்அவுட் வேலையைச் சுற்றியே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு ருசிக்கும், பேரப்பிள்ளை வந்தால் முகம் மலரும். அதெல்லாமும் வெளுத்துப்போய், எதிலும் விருப்பம் இல்லாமல், நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு, தள்ளிப்போடக் கூடாது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி பகல் எந்த நேரமும் 14416-க்கு இலவசமாகப் பேசலாம், அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

கூடவே வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'ஊர்ல எல்லாரும்தான் வேலைக்குப் போறாங்க' என்று சொல்லாதீர்கள். ஷிப்ட் முடித்து வருகிற பெண்ணுக்கு அடுப்படியில் அடுத்த ஷிப்ட் காத்திருந்தால் நான் கொடுக்கிற எந்த ஆலோசனையும் வேலை செய்யாது, அதனால் கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறேன். மேலாளராக இருப்பவர்கள், யோகா வகுப்பு வைப்பதற்கு முன்னால் ஷிப்ட் பட்டியலை முன்கூட்டியே ஒட்டுங்கள், லீவில் இருப்பவரை குரூப்பில் கூப்பிடாதீர்கள், புயல் டியூட்டி பார்த்தவருக்குச் சேர வேண்டிய மாற்று விடுப்பை அவர் வந்து கேட்கும்வரை வைத்திருக்காமல் அந்த மாதத்துக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள்.